மிஸ்ஸிங் வேறு, இழுவைக் குறைவு வேறு: பழைய பெட்ரோல் வண்டியில் அளந்து பார்த்தது

வண்டி 2007 மாடல் ஹேட்ச்பேக். நாலு சிலிண்டர், 1.1 லிட்டர் பெட்ரோல், எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர்). பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது, பொறிக்கு வோல்ட்டேஜ் ஏற்றும் காயில் இரண்டு, நாலு பிளக் ஒயர். நிற்பது ராயபுரத்தில், கடல் காற்று நேராக வந்து அடிக்கும் தெருவில். செகண்ட் ஹேண்டாக வந்தது. டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கினால் கேஸ் டேங்க் பூட்டியிருந்த போல்ட் ஓட்டைகள் தெரியும். ஒரு காலத்தில் எல்பிஜியில் ஓடியிருக்கிறது. பழைய வண்டியில் மிஸ்ஸிங் (ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விடுவது) தேடுகிறவர்கள் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் டிக்கியைத் திறந்து பார்ப்பது நல்லது, ஏன் என்பது பின்னால் வரும்.

கோளாறு மூன்று விதமாக இருந்தது. காலையில் ஐடில் சுத்தம். சூடேறியதும் ஸ்டியரிங் வரை நடுக்கம். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நகராமல் நின்றால் நடுக்கம் கூடும். ஈரக்காற்று உள்ள இரவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வெட்டி வெட்டி இழுக்கும். மின்ட் மேம்பாலத்தில் மூணாவது கியரில் முழுசாக மிதித்தாலும் 3,000 ஆர்பிஎம்மைத் தாண்டாது. மூன்றையும் ஒரே கணக்கில் எழுதினால் பிளக், காயில், சென்சார் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போக வேண்டியதுதான்.

ஸ்கேனர் இங்கே பெரிய உதவி இல்லை. வண்டி தன் கோளாறைத் தானே பதிவு செய்யும் முறைதான் ஓபிடி. நம் நாட்டில் ஓபிடி-1 கட்டாயமானது 2010 ஏப்ரலில், ஓபிடி-2 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டியில் 16 பின் சாக்கெட் இருந்தாலும் மலிவு புளூடூத் ஸ்கேனர் ஈசியூவோடு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பேசும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. மல்டிமீட்டர், கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளப்பது), வேக்கம் கேஜ் (என்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்பை அளப்பது), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) போதும்.

முதலில் எர்த். துறைமுகப் பக்கம் நிற்கும் வண்டிகளில் பேட்டரி நெகட்டிவிலிருந்து என்ஜினுக்குப் போகும் பட்டையின் முனையில் பச்சைப் பூப்பு ஏறியிருக்கும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் தூணிலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. இதில் 0.6 வந்தது. முனைகளைக் கழற்றி எமரி பேப்பரால் தேய்த்து, இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவியதும் 0.1. மிஸ்ஸிங் இதனால் போகவில்லை. ஆனால் எர்த் சரியில்லாமல் எடுக்கும் சென்சார் அளவுகள் எதையும் நம்ப முடியாது.

அடுத்து கரண்ட் பக்கம். இருட்டில் பானெட்டைத் திறந்து, என்ஜின் ஓடும்போது பிளக் ஒயர்கள் மேல் தண்ணீரைப் பனிபோல ஸ்ப்ரே செய்தால் கசியும் இடத்தில் நீலப்பொறி ஊரும். கை படக் கூடாது. 2-ம் ஒயரின் ரப்பர் தொப்பி ஓரத்திலிருந்து ஹெட்டுக்குப் பொறி பாய்ந்தது. ஈர இரவு வெட்டுக்கு இதுதான் காரணம். பிளக் இடைவெளி 1.0 மி.மீ. இருக்க வேண்டியது 1.4-க்குத் தேய்ந்திருந்தது. இந்த மாதிரி காயிலில் 1-4, 2-3 என்று ஜோடியாகப் பொறி விழும். ஜோடியில் ஒரு பிளக்குக்குக் கரண்ட் எதிர்த்திசையில் பாயும். அதனால் ஒன்றில் நடுமுனையும் மற்றதில் வளைந்த முனையும் அதிகம் தேயும். தேய்மானம் ஒரே மாதிரி இல்லை என்று குழம்ப வேண்டாம். ஜோடி இரண்டும் சேர்ந்து மிஸ் ஆனால் காயிலைச் சந்தேகிக்கலாம். ஆனால் ஒரு ஒயர் அறுந்தாலும் ஜோடியின் மற்ற பிளக்கில் பொறி பலவீனமாகும், காரணம் இரண்டும் ஒரே சுற்றில் தொடராக இருக்கின்றன. ஆகவே ஒயரை அளக்காமல் காயில் வாங்காதீர்கள்.

ஒயர் செட், பிளக் செட் இரண்டும் புதிது. அலுமினிய ஹெட் ஆனதால் என்ஜின் ஆறிய பிறகுதான் பிளக்கைத் தொட வேண்டும். வாஷர் உள்ள புது பிளக்கை விரலால் உட்காரும் வரை திருகி, பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்றுக்குச் சற்று மேல். ஓட்டையின் அடியில் எண்ணெய் தேங்கியிருந்தால் துடைத்துவிட்டுத்தான் புதிதைப் போட வேண்டும்.

ஈர வெட்டு போய்விட்டது. சூட்டில் வரும் ஐடில் நடுக்கம் அப்படியே இருந்தது.

எந்த சிலிண்டர் என்று பார்க்க, சூடான ஐடிலில் இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினோம். வேலை செய்யும் சிலிண்டர் என்றால் ஆர்பிஎம் விழும். 3-ல் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. பல மெக்கானிக்குகள் பிளக் ஒயரையே பிடுங்கிப் பார்ப்பார்கள். காயிலுக்கும் கேடு, எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் (புகையைச் சுத்தம் செய்யும் டப்பா) போய் அங்கே எரியும். இன்ஜெக்டரைக் கழற்றினால் அந்த சிலிண்டருக்குப் பெட்ரோலே போகாது. 3-ம் பிளக்கையும் 3-ம் இன்ஜெக்டரையும் 1-க்கு மாற்றிப் போட்டாலும் மிஸ்ஸிங் 3-லேயே நின்றது. அப்படியானால் உள்ளேதான்.

கம்ப்ரஷன் பார்ப்பதற்கு முன் ஃபியூயல் பம்ப் ஃபியூஸ், காயில் கனெக்டர் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். என்ஜினைச் சூடாக்கி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் நாலு பிளக்கும் வெளியே, ஆக்சிலரேட்டர் முழுசாக அமுக்கி, முள் ஏறி நிற்கும் வரை செல்ஃப். 1-ல் 165 பிஎஸ்ஐ, 2-ல் 160, 4-ல் 162. 3-ல் 110. பிளக் ஓட்டை வழியாக 5 மில்லி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி: 115. ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் அடைத்துக்கொண்டு நன்றாக ஏறியிருக்கும். ஏறவில்லை, ஆகவே வால்வு. வேக்கம் கேஜும் அதையே சொன்னது: 18 அங்குலத்தில் (பாதரச அளவு) நின்ற முள், ஒரே தாளத்தில் மூன்று அங்குலம் இறங்கி ஏறியது.

எல்பிஜி எரியும்போது பெட்ரோலில் கிடைக்கும் ஈரப்பசை வால்வு சீட்டுக்கு (வால்வு வந்து உட்காரும் வளையம்) கிடைப்பதில்லை. சீட் தேயத் தேய வால்வு மேலே ஏறுகிறது, டேப்பட் இடைவெளி (வால்வுத் தண்டுக்கும் அதை அமுக்கும் ராக்கர் கைக்கும் நடுவில் விடும் சந்து) குறைகிறது. டேப்பட் லூசானால் சத்தம் வரும். டைட்டானால் சத்தமே வராது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. சூடேறி வால்வுத் தண்டு நீண்டதும் வால்வு முழுசாக மூடாது. காலையில் நன்றாக இருந்து, சூட்டில் மிஸ் ஆனதற்கு விளக்கம் இதுதான்.

வால்வு கவரைத் திறந்து, ஆறிய என்ஜினில் அளந்தோம். இந்த என்ஜினில் ராக்கரில் ஸ்க்ரூவும் லாக் நட்டும் உண்டு, இன்லெட் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. உங்கள் என்ஜினுக்கு அதன் கையேட்டு அளவுதான் சரி. 3-ம் சிலிண்டரை அளக்க, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு ஓடும் திசையிலேயே திருப்பி, 2-ம் சிலிண்டரில் எக்ஸாஸ்ட் மூடி இன்லெட் திறக்கத் தொடங்கும் கணத்தில் நிறுத்தினால் போதும். 3-ல் இரண்டு வால்வும் அப்போது மூடியிருக்கும். எக்ஸாஸ்டில் 0.05 தகடுகூட நுழையவில்லை. ராக்கரைக் கையால் ஆட்டினாலும் அசைவே இல்லை. மற்ற சிலிண்டர்களில் 0.12 முதல் 0.15 வரை. எல்லாவற்றையும் அளவுக்குக் கொண்டுவந்தோம். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ சற்றே கூட வரும், எனவே இறுக்கிய பிறகு தகட்டை இழுத்துப் பார்க்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. கவருக்குப் புது கேஸ்கெட், பிளக் ஓட்டை சீல்கள். 3-ல் கம்ப்ரஷன் 152 ஆனது. வால்வு இன்னும் கருகவில்லை, தப்பித்தது.

ஐடில் நடுக்கம் நின்றது. மேம்பாலம் இன்னும் ஏறவில்லை.

இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயில் (ஃபியூயல் ரெயில்) பிரஷர் 3 பார், மிதிக்கும்போதும் விழவில்லை. பெட்ரோல் பக்கம் முடிந்தது. வேக்கம் கேஜை மறுபடி மாட்டி 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தோம். முள் 18-ல் நிற்காமல் மெதுவாக 12 வரை வழுக்கி இறங்கியது. புகை வெளியே போக வழியில்லை. உறுதி செய்ய ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி (22 மி.மீ. ஸ்பேனர், முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு) அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ்: 2,500-ல் 5 பிஎஸ்ஐ. நல்ல வண்டியில் இது 2-ஐத் தாண்டாது. முன்குழாயை இறக்கி டார்ச் அடித்தால் தேன்கூட்டுத் துளைகளில் பாதி உருகி ஒட்டி, பழுப்பாக ஒரே கட்டியாக இருந்தது. பல மாதம் 3-ம் சிலிண்டர் எரிக்காமல் அனுப்பிய பெட்ரோல் இங்கே எரிந்திருக்கிறது.

வரிசை முக்கியம். மிஸ்ஸிங்கைத் தீர்க்காமல் புது கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் இதே கதிதான். உள்ளே இருப்பதை உடைத்துக் கொட்டிவிட்டு வெறும் டப்பாவாக மாட்டுவது ஊரில் சாதாரணம். புகைச் சோதனையில் மாட்டும், காற்றுக்கும் கேடு. பழைய சாமான் கடையில் வாங்குவதாக இருந்தால் டார்ச்சை மறுமுனையில் பிடித்து, எல்லாத் துளையிலும் ஒளி வருகிறதா, குலுக்கினால் சத்தம் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் வெறும் டப்பாவாகவே விற்பவர்களும் உண்டு.

மாற்றிய பிறகு 2,500-ல் வேக்கம் 20-க்கு ஏறி அங்கேயே நின்றது. மின்ட் மேம்பாலத்தில் மூணாவது கியரில் 4,500 வரை தடையில்லாமல் போகிறது. டேப்பட்டை 5,000 கிலோமீட்டரில் மறுபடி அளக்க வேண்டும். பெட்ரோலிலேயே ஓடியும் 3-ல் இடைவெளி குறைந்திருந்தால் ஹெட்டை இறக்கி லேத் பட்டறையில் கடினமான சீட் ரிங் போட்டே ஆக வேண்டும்.