இரண்டாவது பிரசவத்தில் நான் கேட்டுப் பெற்றவை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இப்போது கர்ப்பமாக இருக்கும் பெண்கள் சிலர், என் இரண்டாவது பிரசவத்துக்கு நான் எப்படி ஆயத்தமானேன் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலை செய்பவள் என்பதால், பாலூட்ட வரும் தாய்மார் பிரசவ அறையில் தமக்கு நேர்ந்ததைச் சொல்வதை நெடுநாளாகக் கேட்டு வருகிறேன். வலியைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. அதட்டு வாங்கியதையும், திரைச்சீலை இல்லாத கட்டிலில் கிடந்ததையும், என்ன செய்கிறார்கள் என்றே விளங்காமல் எல்லாம் நடந்து முடிந்ததையும்தான் பேசுகிறார்கள்.

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்து அரச மருத்துவமனை ஒன்றில் நடந்த என் முதல் பிரசவமும் அப்படித்தான் இருந்தது. உட்பரிசோதனைக்கு வந்தவர்கள் எதற்காக வந்தார்கள் என்று சொல்லவில்லை. சிங்களத்தில் கேட்ட கேள்வி விளங்காமல் நான் விழித்தபோது, அதே கேள்வியை இன்னும் சத்தமாகக் கேட்டார்கள். பிள்ளை வெளியே வரும் நேரத்தில் பிறப்புவாயில் வெட்டுப் போட்டிருக்கிறார்கள் என்பதைத் தையல் போடும்போதுதான் அறிந்தேன். பிள்ளையும் சுகம், தாயும் சுகம், இதற்கு மேல் என்ன குறை என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள்.

அந்தக் கேள்வியை நான் அலட்சியப்படுத்தவில்லை. 1940களின் முற்பகுதியில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 1,000க்கும் மேற்பட்ட தாய்மாரைப் பறிகொடுத்த நாட்டில் இன்று அந்த எண்ணிக்கை 30ஐ அண்டியிருக்கிறது. ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நடக்கின்றன. அரச மருத்துவமனையில் அதற்கு ஒரு சதமும் வாங்குவதில்லை. தோட்டத்து வரிசை வீட்டு அறையான லயத்துக் காம்பராவிலேயே பிள்ளை பெற்ற எங்கள் அம்மாயி காலத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உயிரைக் காப்பாற்றியவர்களிடம் மரியாதையையும் எதிர்பார்ப்பது பேராசை ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவகாலப் பராமரிப்புப் பரிந்துரைகளில், தாயை மரியாதையாக நடத்துவதும், அவளுக்கு விளங்கும்படி பேசுவதும், அவள் விரும்பும் துணையை உடன் வைத்திருக்க விடுவதும் தனித்தனிப் பரிந்துரைகளாகவே இருக்கின்றன. எல்லாப் பெண்களுக்கும் வழமையாக வெட்டுப் போடுவதும், பிள்ளையை வெளியே கொண்டுவர மேல்வயிற்றைக் கையால் அழுத்துவதும் கூடாது என்றும் அதே ஆவணம் சொல்கிறது.

இரண்டாவது முறை கர்ப்பமானதும் எங்கள் பகுதி அரச மருத்துவிச்சியான குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்தபோதே, முதல் பிரசவத்தில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் சிங்களவர்; தோட்டம் தோட்டமாக நடந்தே தமிழ் பழகியவர். அவர் சொன்ன யோசனைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக அமைந்தது. வலியெடுத்துப் போன பிறகு நடுச்சாமத்தில் வார்ட்டில் எதையும் கேட்டுப் பயனில்லை, மாதம் ஏறுவதற்கு முன்பே மருத்துவமனைக் கிளினிக்கில் டொக்டரிடம் கேட்க வேண்டும், அவர் ஒப்புக்கொள்வதை நாம் கையோடு கொண்டுபோகும் கர்ப்பகாலப் பதிவு அட்டையான எச் 512 அட்டையிலேயே எழுதுவித்துக்கொள்ள வேண்டும் என்றார். அட்டையில் டொக்டரின் கையெழுத்தோடு இருப்பதை இரவுக் கடமையில் இருப்பவர் தட்டிக்கழிக்க மாட்டார்.

அவருடைய உதவியோடு என் வேண்டுகோள்களைச் சிங்களத்தில் ஒரு பக்கத்தில் எழுதினோம். எனக்குத் தமிழ்தான் நன்றாக விளங்கும். தொடுவதற்கு முன் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். என் அக்காவை உடனிருக்க விடுங்கள். வலி தாங்க நடக்கவும் ஒருக்களித்துப் படுக்கவும் அனுமதியுங்கள். வெட்டுப் போடத் தேவை ஏற்பட்டால் சொல்லிவிட்டுப் போடுங்கள். பிறந்ததும் பிள்ளையை என் நெஞ்சில் வையுங்கள். கடைசியாக, ஏதாவது ஆபத்து ஏற்பட்டால் டொக்டரின் முடிவுக்கு முழுமையாகக் கட்டுப்படுவேன் என்றும் எழுதச் சொன்னார். அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இவள் நம்மோடு சண்டைக்கு வரவில்லை என்று வாசிப்பவருக்கு முதலில் தெரிய வேண்டும்.

கிளினிக்கில் டொக்டர் அதைப் பொறுமையாக வாசித்தார். கணவரை உள்ளே விட முடியாது என்றார். கட்டில்களுக்கு இடையில் மறைப்பு இல்லாதபோது பக்கத்துக் கட்டில் தாயின் மானத்தையும் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. பெண் துணைக்குச் சம்மதித்து, தொலைபேசி கொண்டுவரக் கூடாது, கர்ப்பிணி வகுப்புக்கு அந்தத் துணையும் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அட்டையில் எழுதிக் கையெழுத்திட்டார்.

துணை யார் என்பதை உறவு முறை பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். மாமி தானே வர வேண்டும் என்று விரும்பினார். அவருடைய மனம் நோகாமல், மூத்தவன் உங்களிடம்தான் அழாமல் இருப்பான் மாமி என்று சொல்லி வீட்டில் இருக்கக் கேட்டுக்கொண்டேன். அக்கா கண்டியில் கடையில் வேலை செய்தவள், சிங்களம் சரளமாகப் பேசுவாள், இரத்தத்தைக் கண்டு பதற மாட்டாள். 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான மீளாய்வொன்று, பிரசவம் முழுவதும் ஒருவர் உடனிருந்து ஆதரவு கொடுக்கும்போது சுகப்பிரசவம் கூடுவதாகவும், சிசேரியன் குறைவதாகவும், பிரசவ நேரமும் ஓரளவு குறைவதாகவும் காட்டுகிறது.

வலி இரவில் தொடங்கியது. 1990க்கு அழைத்தோம், சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி தொழிற்சாலை வரைதான் வர முடிந்தது, அதுவரை மழையில் மெதுவாக நடந்தே போனோம்.

அதே மருத்துவமனை, அதே நெரிசல். ஆனால் கடமையில் இருந்த நர்ஸ் மிஸ் அட்டையையும் அந்தப் பக்கத்தையும் வாசித்துவிட்டு, முதலில் தன் பெயரைச் சொன்னார். பரிசோதிக்கக் கையுறை போட்டுக்கொண்டு வந்த நேரத்தில் எனக்கு வலி ஏறியது. அவர் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, “வலி போகட்டும் தங்கச்சி” என்று தமிழில் சொல்லிவிட்டு நின்றார். வலி இறங்கியதும், “இப்ப பாக்கவா?” என்று கேட்டார். நான் தலையசைத்த பிறகுதான் தொட்டார். கருப்பை வாய் ஆறு சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று விரலை விரித்தும் காட்டினார். முதல் பிரசவத்தில் யாரும் என்னிடம் சொல்லாத கணக்கு அது. அதற்குப் பிறகு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று தெரிந்து வலியைத் தாங்க முடிந்தது. நடந்தேன், இனிப்பான பிளேன்டீ குடித்தேன், அக்கா இடுப்பை அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வெட்டுப் போடவில்லை; சிறிய கிழிசல் ஒன்றை, மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத் தைத்தார்கள். பிள்ளையைத் துடைத்து நேரே என் நெஞ்சில் வைத்தார்கள். தொப்புள்கொடியை அவசரப்பட்டு வெட்டவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் பிள்ளை பால் குடித்தது.

எல்லாம் நன்றாக நடந்ததாகச் சொல்ல முடியாது. பக்கத்துக் கட்டிலில் வேறொரு தோட்டத்து இளம் பெண், முதல் பிரசவம், துணைக்கு யாரும் இல்லை. அவள் கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பதும், வேறொரு மிஸ் அவளை அதட்டிப் படுக்க வைப்பதுமாக இருந்தது. அக்கா போய்க் கேட்டபோது, அவளுக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதைச் சிங்களத்தில் சொன்னதும் அந்த மிஸ்ஸே அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார், திரும்பி வந்து அவளுடைய தலையையும் தடவினார். ஆட்கள் பற்றாக்குறை என்பது உண்மை, இரவு முழுவதும் நின்றே வேலை செய்பவர்களின் களைப்பும் உண்மை. ஆனாலும் அந்தப் பெண்ணை அதட்டுவதில் கழிந்த நேரம், அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதற்குத் தேவைப்பட்ட நேரத்தைவிட மிக அதிகம்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே குடும்பநல உத்தியோகத்தர் வந்து தையலையும் பாலூட்டுவதையும் பார்த்தார். மனம் சோர்வாக இருக்கிறதா என்றும், வார்ட்டில் எப்படி நடத்தினார்கள் என்றும் கேட்டார். அவரிடம் பேசியதிலிருந்துதான் எங்கள் தாய்மார் குழு மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் வைத்திய அத்தியட்சகருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு கடிதம் எழுதியது. ஒவ்வொரு பிரசவக் கட்டிலுக்கும் திரைச்சீலை, இரவுக் கடமையில் தமிழ் தெரிந்த ஒருவர், கையெழுத்து வாங்கும் படிவங்கள் தமிழிலும் இருத்தல், துணை இல்லாமல் வரும் பெண்ணுக்கு ஒரு துணை ஆகியவற்றைக் கேட்டிருக்கிறோம். மறைப்பு இருந்தால் கணவரையும் அனுமதிக்க முடியுமா என்பதைப் பரிசீலிக்கும்படியும் எழுதியிருக்கிறோம். கடிதம் மடுவத்தில் என்னிடம் இருக்கிறது. இந்த மாதக் கிளினிக்குக்கு முன் வந்து கையெழுத்துப் போடுங்கள், என் சிங்களப் பக்கத்தின் நகலையும் வாங்கிப் போங்கள்.