82ஆம் நாள் எழுதிய கடிதம்

சித்திரை வருடத்துக்கு ஐந்து நாள் முன்னர், ஏப்ரல் 9ஆம் திகதி, மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் அம்மாவுக்கு ஸ்டாண்ட் ஃபேன் வாங்கினேன். விலை 11,800 ரூபாய். அம்மா களுவாஞ்சிகுடியில் தனிய இருக்கிறா. கச்சான் காற்று எழும்பினால் பகலில் வீட்டுக்குள் இருக்க ஏலாது. மே மாதம் பிறந்ததும் போன் எடுத்தா. "பத்து நிமிசம் சுத்துது, பிறகு நிண்டு போகுது மனே. பின்பக்கம் கைவைக்க ஏலாமச் சுடுது."

ஃபேன் தலையைக் கழற்றி உரப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோனேன். கடையில் காசு வாங்கும் மேசைக்கு மேலே, விற்ற பொருட்கள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று எழுதி மாட்டியிருந்தது. "வாரண்டி இருக்குத்தானே தம்பி, திருத்தித் தாறம், வெச்சிட்டுப் போங்க" என்றார் முதலாளி. கொடுத்ததற்கு ஒரு துண்டும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அது என் பிழை. 19 நாள் கழித்துத் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் அதே சூடு, அதே எரிந்த மணம்.

இரண்டாம் முறை போவதற்கு முன் பில்லைத் தேடி எடுத்தேன். பேர்ஸில் கிடந்த அந்த மினுங்கல் தாள் வெளிறி, திகதியும் தொகையும் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. உடனே இரண்டு போட்டோ கொப்பி எடுத்தேன். ஒன்றின் பின்பக்கத்தில், 'மோட்டர் சூடாகி நிற்கிறது, இரண்டாம் தரம் ஒப்படைப்பு' என்று எழுதி, திகதி போட்டு சீல் அடித்துத் தரும்படி கேட்டேன். முதலாளிக்கு விருப்பமில்லை, ஆனாலும் அடித்தார். பிறகு ஒரு மாதம், கொழும்பிலிருந்து மோட்டர் வரவேண்டும் என்ற ஒரே பதில்.

ஜூன் கடைசியில்தான் கூடப் படித்த ஒருவர் சொன்னார்: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் பொருள் விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். பழுதான நாளிலிருந்து அல்ல. நெஞ்சு திக்கென்றது. ஃபேன் கடையில் கிடந்த நாட்களெல்லாம் என் கணக்கில்தான் ஓடியிருக்கின்றன. அன்று 82ஆம் நாள். மிச்சம் ஒன்பது நாள்.

இரவே ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். எப்போது வாங்கினேன், என்ன பழுது, எந்தெந்தத் திகதியில் கொடுத்தேன், என்ன வேண்டும். கோபத்தைக் கொட்டவில்லை. 'பணத்தைத் திருப்பித் தர வேண்டும்' என்று நேராகவே எழுதினேன். பில், வாரண்டி அட்டை, சீல் அடித்த தாள் மூன்றின் பிரதிகளையும் சேர்த்து மட்டக்களப்புக் காரியாலயத்தில் காலையில் கையளித்தேன்.

அங்கிருந்த மிஸ் முதலில் புரட்டிப் பார்த்தது அந்த சீலைத்தான். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று வந்திருந்தால் கடைக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது, இது பழுது என்றபடியால் வேறு கதை என்று விளங்கப்படுத்தினா. விசாரணையில் குற்றம் தெரிந்தால் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, காசைத் திருப்பவோ சபை உத்தரவிடலாம். கடைச் சுவரில் மாட்டிய பலகையால் அந்த உரிமை இல்லாமல் போகாது.

இரு தரப்பையும் கூப்பிட்ட நாளில், வாரண்டி என்றால் திருத்தம் மட்டும்தான் என்று முதலாளி வாதாடினார். வாரண்டி தனி, விற்றவருடைய பொறுப்பு தனி, 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே அது இருக்கிறது என்றா மிஸ். முதலாளியையும் முழுக்கக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஏஜென்ட் அவரையும் இழுத்தடித்திருக்கிறார். உத்தரவு வரை போகவில்லை. அடுத்த கிழமை 11,800 ரூபாயையும் எண்ணித் தந்தார்.

அந்தக் காசோடு களுவாஞ்சிகுடியிலேயே ஒரு கடைக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். காசு கொடுக்கும் முன் அரை மணித்தியாலம் ஃபேனைச் சுழலவிடச் சொன்னோம். அம்மா கதிரையில் இருந்தபடி, ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் மோட்டருக்குப் பின்னால் கைவைத்துப் பார்த்தா.