பெல்ட் எங்கே படிகிறது என்று பாருங்கள்

சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் கிடக்கவே கூடாது. தொடை தொடங்கும் இடத்தில், இடுப்பெலும்பை ஒட்டிப் படிய வேண்டும். மோதும்போது வரும் இழுப்பை எலும்பு தாங்கும். குடலும் கல்லீரலும் தாங்காது. கர்ப்பிணிகளுக்கும் வயிற்றுக்கு அடியில்தான். கொக்கியை 'கிளிக்' என்று மாட்டியதும் மேல்பட்டையை ஒருமுறை மேலே இழுத்துவிடுங்கள், இடுப்பில் இருக்கும் தொய்வு போய்விடும். சீட்டை ரொம்பச் சாய்த்திருந்தால் இவ்வளவும் வீண்: உடம்பு பட்டைக்கு அடியில் வழுக்கி முன்னே போகும்.

மேல்பட்டை காறையெலும்பின் (கழுத்தடியிலிருந்து தோள்வரை போகும் எலும்பு) நடுவில் போக வேண்டும். கழுத்தை உரசுகிறதே என்று அக்குளுக்குக் கீழே விடாதீர்கள், தயவுசெய்து. விலா எலும்பு உடையும். பல கார்களில் கதவை ஒட்டிய தூணில் மேல்பட்டையின் உயரத்தை ஏற்றி இறக்கும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

பின்சீட்டுக்கும் இதேதான். அங்கே பெல்ட் போடாதவர் முன்சீட்டில் இருப்பவர் மேலேயே போய் மோதுவார்.

பட்டையை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், பூட்டிக்கொள்ள வேண்டும். மெதுவாகச் சுருள்கிறதா? பெரும்பாலும் அழுக்குதான். மிதமான சோப்பு நீரில் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு சுருளவிடுங்கள். ஓரம் பிசிறியிருந்தாலோ பெரிய மோதலில் இழுபட்டிருந்தாலோ தைத்து ஒட்டுப்போடாமல் முழுதாக மாற்றுங்கள்.