கிளிநொச்சியிலிருந்து காத்மண்டுவுக்கு ஓர் ஊழியக் குழுவுடன்

எமது கிறிஸ்தவ சபையிலிருந்து நேபாளத்துக்கு ஓர் ஊழியக் குழுவை அனுப்புவதென்று தீர்மானமானபோது, பயணச்சீட்டுக்கான பணத்தை எப்படித் திரட்டுவது என்பதே எல்லோருடைய கவலையாகவும் இருந்தது. விசேட காணிக்கை, வெளிநாட்டு உறவினர் அனுப்பிய தொகை, பெண்கள் ஐக்கியத்தினர் உணவு விற்றுச் சேர்த்தது என்று அது ஒருவாறு நிறைவேறியது. உண்மையான தடை கடவுச்சீட்டில் இருந்தது.

குழுவில் இருந்த பலர் போரினால் இடம்பெயர்ந்து, 2009 ஆம் ஆண்டுவரை தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று நகர்ந்து நகர்ந்து, இறுதியில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமை அடைந்தவர்கள். வழியில் விட்டு வந்தவற்றுள் கடவுச்சீட்டுக்குத் தேவையான பிறப்புச் சான்றிதழ்களும் அடங்கும். பிறப்பு எந்தப் பிரிவில் பதியப்பட்டதோ அந்தப் பிரதேச செயலகத்தில் புதிய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் பதிவேடே அழிந்திருந்தால், பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் மற்றைய பிரதி இருக்கிறதா என்று தேட வேண்டும். எங்களில் ஒரு சகோதரிக்குப் பிறப்புப் பதிவில் தகப்பனாரின் பெயர் ஒரு விதமாகவும் அடையாள அட்டை விண்ணப்பத்தில் வேறு விதமாகவும் இருந்தமையால், கிராம சேவையாளரின் கடிதம், சத்தியக் கடதாசி என்று அவர் அலைந்த அலைச்சல் எங்கள் எல்லோருடைய அலைச்சலையும் சேர்த்தாலும் கூடியது. அவருக்காக உபவாச ஜெபம் வைத்தோம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒருவர் அவருடன் அலுவலகத்துக்கும் சென்றோம். இரண்டும் வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆவணங்கள் சேர்ந்த பிறகு மற்றவை இலகுவாகவே நடந்தன. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்ரூடியோவில் படம் எடுத்தால், அவர்களே அதைத் திணைக்களத்துக்கு இணையவழியாக அனுப்பிவிட்டுப் பற்றுச்சீட்டுத் தருவார்கள். பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருப்பதனால், கைவிரல் அடையாளம் கொடுப்பதற்காகத் தலைமை அலுவலகம் உள்ள பத்தரமுல்லை வரை இரவு பஸ்ஸில் போக வேண்டி வரவில்லை. இலங்கையருக்கு, ஓர் ஆண்டின் முதல் வருகைக்கு, நேபாளம் 30 நாள் விசாவைக் கட்டணமின்றி விமான நிலையத்திலேயே வழங்குகிறது; நாங்கள் அந்த நாட்டைத் தெரிவு செய்தமைக்கு அதுவும் ஒரு காரணம்.

பயணத்துக்கு முன் எங்களுக்குள் கடுமையான வாக்குவாதம் ஒன்று எழுந்தது. நேபாளத்தின் 2015 ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஒருவரை மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. 2018 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டக் கோவையின்படி, அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை தண்டமும் விதிக்கப்படலாம். வெளிநாட்டவராயின் தண்டனைக்குப் பின் நாடு கடத்தப்படுவார். ஆகவே, அழைத்த சபையின் விருந்தினராகச் சென்று அவர்களுடைய ஆராதனையில் அமர்வோம், விசுவாசிகளின் வீடுகளில் அவர்கள் கேட்டால் ஜெபிப்போம், தெருவில் துண்டுப் பிரசுரம் கொடுக்க மாட்டோம், பிள்ளைகளுக்குப் பரிசுப் பொருள் கொண்டு போக மாட்டோம் என்று குழுத் தலைவர் விதித்தார். இவ்வளவு செலவழித்துப் போய் வாயை மூடிக்கொண்டிருப்பதா என்று இளைஞர்கள் இருவர் கேட்டார்கள். நான் தலைவரின் பக்கமே நின்றேன். முகாமில் பால்மா வாங்க வரிசையில் நின்ற காலத்தில், பொதியோடு சேர்த்து எங்கள் நம்பிக்கையையும் விசாரித்தவர்களைப் பார்த்தவள் நான். சைவக் குடும்பங்கள் அப்போது தலையைக் குனிந்துகொண்டு பொதியை வாங்கியது இன்னும் எனக்கு உறுத்துகிறது. சட்டம் எங்களைத் தடுக்காவிட்டாலும் அந்த வேலையை நான் செய்திருக்க மாட்டேன். இப்படிச் சொல்வதால் அந்தச் சட்டம் நியாயமானது என்று நான் ஏற்றுக்கொள்வதாகக் கருத வேண்டாம். இலங்கையிலும் 2004 இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தபோது எங்கள் சபைகள் எவ்வளவு கலங்கின என்பது நினைவிருக்கிறது.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் கேட்ட கேள்விகள் மிகச் சில. அழைப்புக் கடிதம், திரும்பி வரும் பயணச்சீட்டு, தங்குமிட விலாசம் ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் அச்சுப் பிரதியாகக் கையில் வைத்திருந்தமை உதவியது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, ஒரு சபையைச் சந்திக்கப் போகிறோம் என்றே எல்லோரும் சொன்னோம். மறைக்க வேண்டிய எதுவும் எங்களிடம் இருக்கவில்லை.

நேபாளத்தில் நீண்டகாலமாகச் சனிக்கிழமையே வாராந்த விடுமுறையாக இருந்து வந்தமையால், அங்குள்ள சபைகள் பெரும்பாலும் அன்றே கூடுகின்றன. முழங்காலில் வெகுநேரம் நின்று, எல்லோரும் ஒரே நேரத்தில் உரத்து ஜெபிக்கிறார்கள். 2015 ஏப்ரல் 25 ஆம் திகதிய நிலநடுக்கத்தில் வீடிழந்து தகரக் கொட்டகையில் வாழ்ந்த ஒரு தாயார், எங்கள் இடப்பெயர்வைப் பற்றிக் கேட்டறிந்த பின், தகரத்தின் கீழ் வெயிலை எப்படிச் சமாளித்தீர்கள் என்று மட்டும் கேட்டார். கிடுகை மேலே பரப்பினோம் என்றேன். அவர்களிடம் தென்னை இல்லை. வைக்கோல் போட்டதாகச் சொன்னார். அந்த உரையாடலுக்காக மட்டுமே இந்தப் பயணத்தை மீண்டும் மேற்கொள்ளலாம்.

ஊர் திரும்பியதும் எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள் என்று சபையில் கேட்டார்கள். அப்படிச் சொல்வதற்கு எண்ணிக்கை எதுவும் எங்களிடம் இல்லை. செலவுக் கணக்கையும் பற்றுச்சீட்டுகளையும் பரிபாலன சபையிடம் ஒப்படைத்தோம். அங்குள்ளவர்களுக்குப் பின்னர் இடையூறு வரக்கூடாது என்பதால், ஆராதனையில் எடுத்த படங்களை ஃபேஸ்புக்கில் போடுவதில்லை என்று எல்லோரும் உடன்பட்டோம்.