நூல் நம்பரைக் கூட்டிய கதை

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்துக்கு நூல் இருப்புக் கணக்கை ஜாவா நிரல்மொழியில் எழுதியபோது, நூலின் பருமனைக் குறிக்கும் நூல் நம்பரை வெறும் இன்ட் (முழு எண் வகை) என்று அறிவித்துவிட்டேன். 40 என்பது முழு எண்தானே, அதற்கென்று தனி விதிகள் கொண்ட ஒரு கிளாஸ் எதற்கு என்பது அன்றைய நினைப்பு. மாத அறிக்கையின் அடியில், மற்ற பத்திகளோடு சேர்ந்து நம்பர் பத்திக்கும் கூட்டுத்தொகை அச்சாகி வந்தது. கணக்கு பார்ப்பவர் தாளை என் பக்கம் திருப்பி, “ஏனுங்க சார், இந்த 410ஆம் நம்பர் நூலை எந்த மில்லுல வாங்குனீங்க?” என்றார்.

40ஆம் நம்பர் என்றால், 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் (நூல் கற்றைகள்) 40 சேர்ந்து ஒரு பவுண்டு எடை இருக்கும் என்று பொருள். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். எனவே 40ஆம் நம்பர் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கினால், ஏறக்குறைய 20ஆம் நம்பர் நூலின் பருமன்தான் கிடைக்கும். 30ஐயும் 20ஐயும் முறுக்கினால் 12. இன்ட் வகையோ கேட்டவுடன் 80 என்றும் 50 என்றும் கூட்டித் தரும்; நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலரும் வாய் திறக்காது.

இப்போது நூல் நம்பர் தனி கிளாஸ். அதன் இடைமுகத்தில் கூட்டும் மெத்தடே (செயலே) கிடையாது. ‘முறுக்கு’ என்ற மெத்தட் மட்டும், தலைகீழ் மதிப்புகளைக் கூட்டி, அந்தத் தொகையை மீண்டும் தலைகீழாக்கி, புதிய நூல் நம்பர் ஆப்ஜெக்ட் ஒன்றைத் திருப்பித் தருகிறது. எடையும் அவ்வாறே. தசம எண்களுக்கான டபுள் வகையில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருவதால், எடை கிளாஸ் உள்ளுக்குள் கிராமைப் பெரிய முழு எண்ணுக்கான லாங் வகையில் வைத்துக்கொண்டு, வெளியே கிலோவாகக் காட்டுகிறது. உள்ளே இருப்பது கிராம் என்பது அறிக்கை எழுதும் நிரலுக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

மூட்டை எண்ணிக்கையில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. அதை இன்டீஜர் ஆப்ஜெக்டாக (முழு எண்ணைப் பொதிந்த ஆப்ஜெக்டாக) வைத்து, இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டிருந்தேன். அந்தக் குறியோ மதிப்பை அல்ல, இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்பதையே பார்க்கும். -128 முதல் 127 வரையிலான மதிப்புகளுக்கு ஜாவா ஒரே ஆப்ஜெக்டை மறுபடியும் தருவதால், சோதனையில் எல்லாம் சரியாகவே இருந்தது. 128 மூட்டை வந்திறங்கிய அன்று, சலானும் இருப்பும் ஒத்துப்போகவில்லை என்று திரை அடம்பிடித்தது. மதிப்பை ஒப்பிடும் ஈக்வல்ஸ் போட்டிருந்தாலே போதும். ஆனால் மூட்டையோடு மூட்டையைக் கூட்டினால் மூட்டைதான், எண்ணாத மூட்டை கிடங்குக்குள் ஏறுவதும் இல்லை, ஆக ஆப்ஜெக்டுக்கு உள்ள ‘மதிப்பே இல்லை’ என்ற நிலையும் தேவையில்லை என்பதால், அதை மட்டும் மீண்டும் இன்ட் ஆக்கிவிட்டேன்.