ரேம் வேகத்தை அளந்து பார்த்த மூன்று வாரங்கள்

கோட்டையூரில் உள்ள எங்கள் பூர்விக வீட்டை முழுமையாக ஒரு முப்பரிமாண மாதிரியாக ஆக்கிவிட வேண்டும் என்ற ஆசையில், முகப்பு, பட்டாலை, வளவு என ஒவ்வொரு பகுதியையும் நூற்றுக்கணக்கில் படமெடுத்து, ஓய்வு நேரத்தில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வைத்து வேலை செய்து வருகிறேன். கணினி ஒன்றரை ஆண்டுக்கு முன் வாங்கியது. ரைசன் 5 5600ஜி பிராசசர், 8 ஜிபி டிடிஆர்4 ரேம் (கணினி வேலை செய்யும்போது தரவை வைத்திருக்கும் நினைவகம்) இரண்டு. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ரேமின் உறையில் வேகம் 3200 என்று, அதாவது வினாடிக்கு 320 கோடி பரிமாற்றம் என்று, அச்சிட்டிருந்தது. மாதிரியைத் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம் திரை திக்கித் திக்கி நகர்ந்ததால் பிராசசரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அதை மாற்றிவிடலாமா என்று விலை விசாரிக்கும் அளவுக்குப் போய்விட்டேன்.

சென்ற மாதம் ஒரு மாலையில் வேறு எதற்கோ விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தபோது, நினைவகப் பக்கத்தில் வேகம் 2400 என்று இருந்தது கண்ணில் பட்டது. ஒவ்வொரு ரேமிலும் அதன் திறன்களைக் குறித்து வைத்திருக்கும் சிறு சில்லு ஒன்று உண்டு. மதர்போர்டு அதைப் படித்து, 1.2 வோல்ட்டில் ஓடக்கூடிய பாதுகாப்பான பொது வேகத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறது. உறையில் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் எக்ஸ்எம்பி என்ற தனிக் குறிப்பில், 1.35 வோல்ட்டுக்கு எழுதப்பட்டிருக்கும். அதை நாமே மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் போய் இயக்கினால்தான் உண்டு. என் கணினியில் யாரும் இயக்கவில்லை.

பெட்டியைத் திறந்து பார்த்தபோது அதைவிடப் பெரிய பிழை தெரிந்தது. நான்கு ஸ்லாட்டுகளில் இரண்டு ரேமும் அடுத்தடுத்துச் செருகப்பட்டிருந்தன. என் போர்டில் அடுத்தடுத்த இரண்டு ஸ்லாட்டுகள் ஒரே சேனலைச் (பிராசசருக்கும் ரேமுக்கும் இடையே தரவு போகும் தடம்) சேர்ந்தவை. ஒன்றுவிட்டு ஒன்றாகச் செருகினால்தான் இரண்டு சேனல்களும் வேலை செய்யும். ஒரு சேனலின் அகலம் 64 பிட், அதாவது 8 பைட். வினாடிக்கு 240 கோடி பரிமாற்றம் என்றால் 19.2 ஜிபி, 3200 வேகத்தில் இரண்டு சேனலும் ஓடினால் 51.2 ஜிபி. இரண்டரை மடங்குக்கும் மேலான இந்த வேறுபாட்டை ஒன்றரை ஆண்டாகப் பூட்டி வைத்துக்கொண்டு நான் பிராசசருக்கு விலை கேட்டிருக்கிறேன்.

இரண்டு பிழைகளையும் ஒரே நேரத்தில் திருத்திவிட்டால் எதனால் என்ன மாறியது என்று தெரியாமல் போய்விடும் என்பதால், ஒரு சேனல் 2400, ஒரு சேனல் 3200, இரண்டு சேனல் 2400, இரண்டு சேனல் 3200 என்று நான்கு நிலைகளில் அளப்பதென முடிவு செய்தேன். ஒவ்வொரு சோதனையையும் மூன்று முறை ஓட்டி நடுவில் வந்த எண்ணை மட்டும் குறித்தேன். மாடி அறை மதியத்தில் கொதிப்பதால் எல்லாம் இரவு பத்து மணிக்கு மேல்தான். இடையில் வேகம் காட்டும் ஒரு செயலி 1600 என்று சொன்னதும் பதறிவிட்டேன். அது கடிகாரத் துடிப்பு. ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால்தான் 3200 என்கிறார்கள்.

மிகப் பெரிய மாற்றம் திரையில்தான் கிடைத்தது. தனி கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தன் சொந்த நினைவகம் இருக்கும். 5600ஜியின் உள்ளமைந்த கிராஃபிக்ஸோ இந்த ரேமையே பங்குபோட்டுக்கொள்கிறது. அண்ணன் மகன் விளையாடும் கார் பந்தயத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டேன். நான்கு நிலைகளிலும் வினாடிக்கு முறையே 31, 37, 47, 56 ஃபிரேம்கள் வந்தன. இரண்டாவது எண்ணையும் மூன்றாவது எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: வேகத்தைக் கூட்டியதைவிட ஸ்லாட்டை மாற்றியது அதிகம் தந்திருக்கிறது. "சித்தப்பா, புதுசா கார்டு வாங்கிட்டீங்களா?" என்று கேட்ட பையனிடம், செலவு ஒரு ரூபாய்கூட இல்லை என்று சொன்னால் அவன் நம்பவில்லை.

பிராசசரிலேயே வளவின் படத்தை ரெண்டர் செய்தபோது (மாதிரியிலிருந்து இறுதிப் படத்தைக் கணக்கிட்டு உருவாக்கியபோது) நிலைமை வேறு. 11 நிமிடம் 40 வினாடி எடுத்த வேலை, எல்லாம் திருத்திய பிறகும் 11 நிமிடம் 16 வினாடி எடுத்தது. இத்தனை பாடுக்கு 24 வினாடிதானா என்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் இதன் காரணத்தைத் தேடியபோதுதான் விஷயம் பிடிபட்டது. அந்தக் காட்சியில் திரும்பத் திரும்பத் தேவைப்படும் தரவின் பெரும்பகுதி பிராசசருக்குள் இருக்கும் 16 எம்பி கேஷ் என்ற சிறிய, அதிவேக நினைவகத்திலேயே கிடைத்துவிடுகிறது போலும்; கணக்குதான் அதிகம், ரேமுக்குப் போக வேண்டிய தேவை குறைவு. கோப்புகளைச் சுருக்கும் 7-ஜிப் செயலியின் சோதனையில் இது இன்னும் தெளிவாயிற்று. கோப்பைச் சுருக்கும்போது 32 எம்பி அகராதிக்குள் (ஏற்கெனவே படித்த தரவின் தொகுப்பு) அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடுவதால் கேஷ் போதவில்லை. அந்த வேகம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடியது. சுருக்கியதை விரிக்கும் வேகம் அசையவே இல்லை.

அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடும் வேலைக்கு, வினாடிக்கு எவ்வளவு தரவு போகிறது என்பதைவிடக் காத்திருப்பே முக்கியம். எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் சாமான் அறை ஒன்றுக்கு இன்றும் பழைய இரும்புச் சாவிதான். அப்பத்தா அதைத் தேடி எடுத்துக் கதவைத் திறக்க ஆகும் நேரம் வேறு, திறந்த பிறகு எத்தனை பேர் மூட்டை சுமக்கிறார்கள் என்பது வேறு. ரேமில் சிஎல் என்று போட்டிருக்கும் எண், கேட்ட தரவு வரத் தொடங்கும்வரை காத்திருக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை; முதல் வகையைச் சேர்ந்தது. அதை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோவினாடி வரும். 2400 வேகத்தில் சிஎல் 17 என்றால் 14.2, என்னுடைய 3200 வேகத்தில் சிஎல் 16 என்றால் சரியாக 10. மலிவாகக் கிடைக்கும் 3200 சிஎல் 22 வகையில் இது 13.75 என்று வருகிறது. அதாவது வினாடிக்குப் போகும் தரவு கூடினாலும் கதவு திறக்கும் நேரம் பழைய 2400-ஐ ஒட்டியேதான் இருக்கிறது. பிராசசரிலிருந்து கிளம்பி ரேமைத் தொட்டுத் திரும்பும் மொத்த நேரம் எனக்கு 68 நானோவினாடி என்று வந்தது. 4.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசசருக்கு அது ஏறத்தாழ 300 துடிப்புகள் சும்மா நிற்பது போன்றது.

ரேமின் அளவே போதாமல் போனால் இந்தக் கணக்கு எதுவும் உதவாது என்பதையும் குறிப்பிட வேண்டும். நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றாக இணைக்கும்போது 16 ஜிபி நிரம்பி, ரேமைவிட மிக மெதுவான எஸ்எஸ்டி சேமிப்பகத்துக்கு வழிந்தது. அதன் பிறகு நான்கு நிலைகளும் ஒரே மாதிரி நொண்டின.

மூன்றாவது வாரம் பேராசை வந்தது. 3600 வைத்துப் பார்த்தேன். திரை மூன்று முறை கறுத்து, போர்டு தானே தட்டுத் தடுமாறிப் பொருத்தம் பார்த்துக்கொண்டு எழுந்தது. இரவு ஓட்டிய நினைவகச் சோதனை பிழையின்றி முடிந்தது. மறுநாள் மதியம் ஓட்டியபோது இரண்டாவது சுற்றிலேயே சிவப்பு வரிகள். ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாகத்தான் நிற்கிறது. அது கசிந்துகொண்டே இருப்பதால் 64 மில்லிவினாடிக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலுக்கும் அந்தச் சிவப்பு வரிகளுக்கும் உறவு உண்டு என்றே நினைக்கிறேன். அதற்குள் நான் சுருக்கி வைத்திருந்த படத் தொகுப்பு ஒன்று திறக்கும்போது பிழை காட்டியது. நல்லவேளையாக, கேமரா கார்டை அழிக்காமல் வைத்திருந்தேன்.

3200-க்கே திரும்பினேன். இந்த முறை வேண்டுமென்றே உச்சி வெயிலில் தொடங்கி ஆறு மணி நேரம் சோதனை ஓடியது. பிழை ஒன்றுகூட இல்லை. பெட்டியின் பக்கத் தகட்டை அன்று மாலைதான் திருகி மூடினேன்.