கரண்ட் பல்பில் செலவாவதில்லை

சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். மின்சுற்றுப் பாடம் வந்தால் முதலில் இதைத்தான் கேட்பேன்: ஒரே மாதிரி இரண்டு டார்ச் பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பேட்டரி செல்லோடு இணைத்தால் எது நன்றாக எரியும்?

"முதல் பல்பு டீச்சர். அது எடுத்தது போக மிச்சம்தானே ரெண்டாவதுக்கு வரும்!"

ஓம் விதிக் கணக்கைத் தப்பில்லாமல் போடும் பிள்ளையும் இதையே சொல்லும். சூத்திரம் தெரியும், கம்பிக்குள் நடப்பது மனக்கண்ணில் தெரியாது. எனக்கு அதுதான் முக்கியம்.

விடையைச் சொல்லாமல், கரண்டை அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் கொடுத்துவிடுவேன். (சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில்தான் செருக வேண்டும். மில்லி ஆம்பியர் துளையில் வைத்துச் செல்லை நேராகத் தொட்டால் உள்ளே ஃபியூஸ் போய்விடும்.) முதல் பல்புக்கு முன்னால் சுற்றைப் பிரித்து மீட்டரைச் சேர்த்தால் 0.2 ஆம்பியர். இரண்டு பல்புக்கும் நடுவில் 0.2. இரண்டாவதைத் தாண்டி, செல்லுக்குத் திரும்பும் வழியிலும் அதே 0.2. அதனால் இரண்டு பல்பும் ஒரே மாதிரிதான் எரியும். நம்பாமல் திரும்பத் திரும்ப அளப்பார்கள். அளக்கட்டும், அப்படித்தான் மனதில் பதியும்.

சரி, பல்பு எதைத்தான் எடுத்துக்கொள்கிறது? ஆற்றலை. சைக்கிள் மிதிக்கும்போது காலின் உழைப்பு செயின் வழியாகப் பின்சக்கரத்துக்குப் போகிறது. செயினில் ஒரு கண்ணிகூடக் குறைவதில்லை. பெடலை அழுத்தியதுமே சக்கரம் நகர்வதற்கும் செயின் முழுவதும் ஒன்றாக இழுபடுவதே காரணம். எலக்ட்ரான்களும் அப்படித்தான். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது அவை வினாடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர்தான் நகர்கின்றன. ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 4 மணி நேரம்! ஆனாலும் சுவிட்சைப் போட்டதும் பல்பு எரிகிறது. கம்பி முழுக்க ஏற்கெனவே எலக்ட்ரான்கள் நிறைந்திருக்கின்றன, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கிளம்பிவிடுகின்றன.

கம்பிகள் சேரும் ஒரு சந்திக்குள் வரும் மின்னோட்டமும் அதைவிட்டு வெளியேறும் மின்னோட்டமும் சமம் என்று இயற்பியலாளர் கிர்க்காஃப் 1845-லேயே எழுதிவிட்டார். பிள்ளைகள் இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் வீட்டு மெயின் போர்டில் இருக்கும் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் விழும் சுவிட்ச்) இதை வைத்துத்தான் உயிரைக் காப்பாற்றுகிறது. ஃபேஸில் போகிற கரண்ட் அப்படியே நியூட்ரலில் திரும்புகிறதா என்று மட்டும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். மின்கசிவுள்ள கிரைண்டரை யாராவது ஈரக்கையோடு தொட்டு, உடம்பு வழியாகக் கொஞ்சம் தரைக்கு இறங்கினால், திரும்பி வருவதில் அந்த அளவு குறையும். வீடுகளில் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வகை. வித்தியாசம் அந்த அளவுக்கு வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். கரண்ட் அளவுக்கு மீறினால் மட்டும் விழும் 16 ஆம்பியர் எம்சிபி சுவிட்சுக்கு இவ்வளவு சின்ன கசிவு தெரியவே தெரியாது. அதனால் எம்சிபி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

உங்கள் போர்டைத் திறந்து பாருங்கள். ஆர்சிசிபி இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றாலோ, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றாலோ, இந்த வாரமே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.